மாலக்கியைப் பார்த்துக்கொள்கிறவள்

மார்ச் 11, 2014, செவ்வாய்

ஊசி நாள். டெர்வ்லா பதினொரு மணிக்குத்தான் வருவாள். நான் ஏழரைக்கே எழுந்து அடுப்படியைத் துடைத்து, தம்பி மாலக்கியின் சிகரெட் சாம்பல் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து, ஸ்கோன் ரொட்டி சுட்டு, தலையும் சீவிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்த வீடு இப்படிச் சுத்தமாகிறது. மற்ற பதின்மூன்று நாள் கடவுள் விட்ட வழி.

மாலக்கி தகராறு செய்யவில்லை. "போன தடவை குத்தின பக்கம் வேண்டாம், இன்னும் வலிக்குது" என்று மறுபக்க இடுப்பைக் காட்டினான், முடிந்தது. டெர்வ்லா நல்ல நர்ஸ். அவனிடம் கேட்க வேண்டியதை அவனிடமே கேட்கிறாள். முன்பு வந்தவள் எல்லாவற்றையும் என்னைப் பார்த்துத்தான் கேட்பாள், அவன் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே. கிளம்புகையில் டெர்வ்லா வழக்கம்போல என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எப்படி இருக்கீங்க நோரீன்?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். இன்னொரு ஸ்கோன் எடுத்துக்கோ."

நோட்டில் எழுதிக்கொண்டாள். மேஜைக்கு எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகப் படித்தேன். அக்கா நன்றாகச் சமாளிக்கிறார்.

அவள் கார் வளைவில் திரும்பியதும் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். நான்கு மணி வரை.

மார்ச் 12, புதன்

மாலக்கி பட்டணத்தில் மனநோயாளிகளுக்கான பகல் மையத்துக்குப் போய்விட்டான். பத்திலிருந்து மூன்று வரை வீடு எனக்கே எனக்கு. துவைத்த துணிக் குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றடித்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

குளிர்பெட்டியில் ஒன்பது பால் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு டீக்கு உண்டானது மட்டும் குறைந்திருக்கிறது. திறந்து வைத்த பாலில் யாரோ ஏதோ கலக்கிறார்கள் என்பது அவன் பயம். அவன் கண் முன்னால் புதிதாகத் திறந்தால்தான் குடிப்பான். மிச்சத்தை நான் ரொட்டியாக்குகிறேன், பாயசமாக்குகிறேன், பக்கத்து வீட்டு ஊனாவின் கன்றுக்குட்டிக்குக் கொடுக்கிறேன். வியாதிக்கு இருபத்தேழு வருஷம், இந்தப் பயத்துக்கு இது ஆறாவது வருஷம். இதற்கு முன்பு ரேடியோ. அதற்கு முன்பு தபால்காரர்.

கடைப் பெண் பாலை எண்ணிக்கொண்டே கேட்டாள், "வீட்ல பூனைக்குட்டி நிறைய இருக்கா?" ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் ஏனோ அழுகை வந்தது.

மார்ச் 27, வியாழன்

ஊனா வீட்டில் பூசை, பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து வைப்பது. எங்கள் சரகத்தில் ஒன்பது வீடு, வருஷத்துக்கு இரண்டு பூசை, வீடு வீடாக முறை சுற்றும். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் மட்டும் சொல்லவில்லை, ஊனா வீட்டைப் பார்த்தால் யாரும் மிரண்டுதான் போவார்கள். கூரைத் தகரம் புதுசு. கழிப்பறையில் பூ. பூசை முடிந்து அவித்த பன்றிக்கறி சாண்ட்விச்சும் மூன்று வகைக் கேக்கும்.

கடைசியில் சாமியார் நோட்டைப் புரட்டினார். "அக்டோபர்ல யாரு? நோரீன், உங்க வீடு இல்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது சாமி என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. சாமியார் கோபிக்க மாட்டார், அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆனால் அப்படி யாரும் சொன்னதில்லை. எங்கள் சரகத்துப் பேக்கி வீட்டில் அவன் பெண்டாட்டியைப் புதைத்த ஒன்பதாம் நாள் பூசை நடந்தது, சுவரெல்லாம் புது வெள்ளை.

"சந்தோஷமா செய்யறேன் சாமி" என்றேன். நல்ல உரக்க.

ஊனா என் கையைத் தட்டினாள். "ஏழு மாசம் இருக்குடி. அதுக்குள்ள அரண்மனையே கட்டிடலாம்."

ஏப்ரல் 20, ஈஸ்டர்

தங்கச்சி கார்மல் டப்ளினிலிருந்து போன் செய்தாள். ஞாயிறுதோறும் செய்வாள், பாவம், தவறுவதில்லை.

"நீ ஒரு புனிதவதிடி நோரீன். என்னால ஒரு வாரம் முடியாது."

என்னைப் புனிதவதி என்று சொன்னவர்கள் எல்லாரையும் எண்ணினால் ஒரு கோவில் நிறையும். அதில் ஒருவராவது ஒருநாள் வந்து இருந்து, நீ வெளியே போய்வா என்று சொன்னதில்லை. கார்மலிடம் இதைச் சொல்லவில்லை. யோகா வகுப்பில் சேரச் சொன்னாள். சேருகிறேன் என்றேன்.

மே 19, திங்கள்

கடையிலிருந்து வரும்போது ஏரிக்கரையில் காரை நிறுத்தினேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக வேண்டும் என்று இல்லை. கொஞ்ச நாள் நான் இல்லாமல் இருந்தால் போதும் போல இருந்தது. இதற்கு என்ன பெயர்?

இன்னொன்று. இதையும் எழுதிவிடுகிறேன், அழிக்கப் போவதில்லை. மாலக்கி செத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். தூக்கத்தில், வலியில்லாமல். சவப்பெட்டிக்கு எந்தச் சட்டை என்பது வரை போய்விட்டேன். நீலக் கோடு போட்டது.

வீட்டுக்கு வந்தால் எனக்காக உருளைக்கிழங்கு தோலுரித்து வைத்திருக்கிறான். இருபது கிழங்கு. இரண்டு பேருக்கு. அவனைப் பார்க்கவே முடியவில்லை எனக்கு.

ஜூன் 3, செவ்வாய்

டெர்வ்லா ஒரு படிவம் கொடுத்தாள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காம், அரசாங்கத்தில் புதிதாக அனுப்பியிருக்கிறார்கள். பன்னிரண்டு கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு அழுகை வந்ததா. தூக்கம் எப்படி. யாராவது உங்களுக்கு உதவியாக இருக்கிறார்களா. எதிர்காலத்தை நினைத்தால் எப்படி இருக்கிறது.

ஒருபோதும் இல்லை, நன்றாக, ஆம், நன்றாக. இரண்டு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"எல்லாமே நல்லா இருக்கா?" என்று கேட்டுப் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு பளபளவென்று இருந்தது. காலை ஆறு மணிக்குத் தேய்த்தது.

உண்மையை எழுதினால் என்ன ஆகும்? அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று வயசில் அவன் கிடந்த கிடை எனக்குத் தெரியும். அம்மா சாகும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாங்கிய சத்தியம் அது ஒன்றுதான், அங்கே திரும்ப அனுப்பாதே என்று. அந்த ஆஸ்பத்திரியையே மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. இருந்தாலும்.

ஜூலை 14, திங்கள்

பூசைக்காக அடுப்படிக்குச் மஞ்சள் பெயிண்ட் வாங்கினேன். பெயிண்டர் வீட்டுக்குள் வந்தால் மாலக்கி காட்டுக்குப் போய்விடுவான், அதனால் நானே அடிக்கிறேன். ஒரு சுவர் ஆகியிருக்கிறது. மூன்று நாளாக அதே ஒரு சுவர்.

ஜூலை 16, புதன்

மாலக்கி பகல் மையத்துக்குப் போகவில்லை. கரித்துண்டு அடுக்கும் கொட்டகையில் பெயிண்ட் வாசனைக்குப் பயந்து ஒளிந்திருந்தவன், மத்தியானம் வந்து என் கையிலிருந்து தூரிகையை வாங்கினான். "கூரைக்கு எட்டற உசரம் எனக்குத்தான் இருக்கு" என்றான். ஒரு மணி நேரம் அடித்தான். ஒரு சொட்டு தரையில் விழவில்லை. வியாதிக்கு முன்பு படகுகளுக்கு வர்ணம் அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், எனக்கே மறந்துவிட்டது.

"நீ ரொம்ப மெதுவா அடிக்கற" என்றான்.

"களைப்பா இருக்குடா."

"தெரியும்" என்றான். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி, மாதா பண்டிகை

கோவிலுக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்துப் பதினோரு நாள். ஆளைப் பார்த்தால் மாலக்கியை விட நான்தான் நோயாளி மாதிரி இருக்கிறேன் — சிரிக்கலாம் என்றுதான் எழுதினேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

டெர்வ்லா. ஊசி. ஸ்கோன் சுடவில்லை, கடை பிஸ்கட். "மெலிஞ்சுட்டீங்களா?" என்றாள். பூசை வேலை என்றேன். அந்த ஒரு வார்த்தை போதும், இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அக்டோபர் 13, திங்கள்

வியாழக்கிழமை பூசை. வரவேற்பறை ஜன்னல் துணி துவைக்கணும். கோப்பை இரவல் வாங்கணும், முப்பது. மெழுகுவர்த்தி. கூடத்துச் சுவர் பாதியில் நிற்கிறது. வெள்ளைத் துணி, மேஜைக்கு. கார்மல் வருகிறாளா கேட்கணும்.

ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுந்திருக்க முடியவில்லை. கால் இருக்கிறது, வலி இல்லை. எழுந்திரு என்கிறேன். யாரிடம் சொல்கிறேன்?

அக்டோபர் 15, புதன்

மாலக்கி டீ கொண்டாந்தான். என் கண்ணு முன்னாடி புதுப் பால் பெட்டியைத் திறந்து ஊத்தினான். எனக்கும் பயம்னு நெனச்சுட்டான் போல. குடிச்சேன்.

ஊனாவுக்கு போன் பண்ணி நிறுத்திடலாம். போன் கீழ இருக்கு. பதினாலு படி. காலைல எண்ணிப் பாத்தேன், படுத்தபடியே.

அக்டோபர் 16, வியாழன்

சாயங்காலம் மணி அஞ்சு. ஏழரைக்குப் பூசைக்கு வருவாங்க. இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு, எழுந்தா முடிச்சுடலாம். எழுந்தா.

ஆறு.

அக்டோபர் 17, வெள்ளி

எழுதிவைக்கணும். இல்லைன்னா நடந்ததே நடக்கலைன்னு நானே சொல்லிடுவேன்.

ஏழு இருபதுக்கு முதல் கார் முற்றத்தில் நின்றது. நான் உடுப்போடு போர்வைக்குள் கிடந்தேன். கூடத்தில் பெயிண்ட் டப்பாக்கள், தொட்டியில் பாத்திரம், மெழுகுவர்த்தி இல்லை, மேஜைத் துணி இல்லை. கதவைத் தட்டினார்கள். மாலக்கி நாலு ஆள் சேர்ந்து நின்றால் பின்வாசல் வழியாக ஓடுகிறவன். ஓடிவிடு, ஓடிவிடு என்று நினைத்தேன், பூட்டிய வீடு என்று அவர்கள் திரும்பிப் போகட்டும்.

அவன் கதவைத் திறந்தான்.

இந்த வீட்டுப் பலகைத் தரையில் கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும். மாலக்கி சொன்னான்: "உள்ள வாங்க. நோரீன் மேல படுத்திருக்கா. உடம்பு சரியில்ல. மூணு நாளா எழுந்திருக்கல. ஜுரமெல்லாம் இல்ல. எனக்கு வர்ற மாதிரி ஒண்ணு."

நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். ஐம்பத்தாறு வயசு. அந்த நேரம் அந்தத் தரை பிளந்து நான் உள்ளே போயிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிறகு பேக்கி கேட்டான், "எவ்வளவு நாளா இப்படி?"

"ஈஸ்டர்ல இருந்து" என்றான் மாலக்கி. "அதுக்கு முன்னாடியும் இருக்கலாம். நான் பாத்தது ஈஸ்டர்ல இருந்து."

ஈஸ்டரிலிருந்து. எனக்கே தெரியாது அது.

அப்புறம் ஊனாவின் குரல். "பேக்கி, அந்த டப்பாவையெல்லாம் வெளிய எடுத்து வை. கெட்டில் எங்க இருக்கு மாலக்கி?" தண்ணீர் திறக்கிற சத்தம். நாற்காலி இழுக்கிற சத்தம். யாரோ மெழுகுவர்த்தி எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். குளிர்பெட்டியைத் திறந்த ஊனா, "ஆண்டவரே, எத்தனை பால்" என்றாள். மாலக்கி, "எல்லாம் நல்ல பாலுதான். எனக்குத்தான் பயம்" என்று விளக்கம் சொன்னான்.

பூசைக்கு முன்பு சாமியார் ஏதாவது ஒரு பக்கத்து அறையில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்பது வழக்கம். படியேறி வருகிறது அவர் செருப்புச் சத்தம். கதவுக்கு வெளியே நின்றார்.

"நோரீன், உள்ள வரலாமா? பாவமெல்லாம் சொல்லணும்னு இல்ல."

ஜன்னல் பக்க நாற்காலியில் என் அழுக்குத் துணி கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் நான் சொல்லிவிட்டேன்.

"மாலக்கி செத்துட்டா நல்லா இருக்கும்னு நெனச்சேன் சாமி."

"எத்தனை தடவை?" அது அவருக்கு வாயில் வந்துவிடும் கேள்வி, நாற்பது வருஷப் பழக்கம். கேட்ட பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"எண்ணல சாமி."

"சரி." தலையைத் தடவிக்கொண்டார். "இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"பாவமன்னிப்பு நான் தர்றேன். அது இப்பவே தரலாம். ஆனா நீங்க முதல்ல போக வேண்டியது அவர்கிட்ட. என்கிட்ட மாத்திரை இல்ல."

கீழே போனார். பூசை நடந்தது. பதில் சொல்லும் குரல்கள் பலகை வழியாக வந்தன, பேக்கியின் கட்டைக் குரல், ஊனாவின் அவசரக் குரல். மாலக்கி உள்ளே போகாமல் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தான், அவன் இருமல் அங்கிருந்து வந்தது. நான் பதில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு கிடந்தேன். நற்கருணை அப்பம் மேலே வந்தது. வாங்கிக்கொண்டேன், சீவாத தலையோடு.

எல்லாரும் போனபின் ஊனா டீயும் யார் வீட்டுக் கேக்கோ ஒரு துண்டும் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லியிருக்கலாமேடி."

"யார்கிட்ட?"

யோசித்தாள். "அதுவும் சரிதான். ஜூலைல இருந்து உன் வீட்டைத் தாண்டிப் போறேன், வர்றேன். ஜன்னல்ல மஞ்சப் பெயிண்ட் தெரிஞ்சுது. சரி, நோரீன் நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு வரவில்லை. கேக்கைத் தின்னச் சொல்லி அவளுக்கு நான்தான் கொடுத்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

டெர்வ்லாவிடம் சொன்னேன். அடுப்படி அழுக்காக இருந்தது, தலை அழுக்காக இருந்தது, அதனால் சொல்வது சுலபமாக இருந்தது. அதே படிவத்தைப் பையிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தாள். "புதுசா போடலாமா? நான் கேட்கறேன், நீங்க சொல்லுங்க." இந்த முறை முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடையில் மாலக்கி வந்து, "அவ பொய் சொல்றாளா?" என்று கேட்டான். இல்லை என்றாள் டெர்வ்லா. சரி என்று போய்விட்டான்.

அவனைக் கொண்டுபோவீர்களா என்று கேட்டேன். எங்கே என்றாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அந்த ஆஸ்பத்திரி மூடியபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

அக்டோபர் 29, புதன்

டாக்டர் மனச்சோர்வு நோய் என்றார். "அது எங்க வீட்ல என் தம்பி டிபார்ட்மெண்ட், டாக்டர்" என்றேன். சிரிக்கவில்லை அவர். இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு வருகிறதாம். யாரும் வருவதில்லையாம், வந்தாலும் நோயாளியைப் பற்றித்தான் பேசுவார்களாம். நானும் முதல் பத்து நிமிஷம் மாலக்கியின் ரத்த அழுத்தத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

மாத்திரை. நாலு வாரம் பொறுக்க வேண்டும். பொறுப்பதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இறந்தவர்கள் மாதம். அம்மா கல்லறைக்கு இருவரும் போனோம். மாலக்கி கல்லிலிருந்த பாசியைச் சாவியால் சுரண்டினான். மழை தூறிக்கொண்டிருந்தது. காருக்குள் வந்ததும் சொன்னான்.

"டாமி இருக்கற வீட்ல ஒரு ரூம் காலியாகுது."

டாமி பகல் மையத்துச் சினேகிதன். பட்டணத்தில் நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீடு, தினமும் ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"அதுக்கென்ன?"

"எனக்கு வேணும்."

காரைக் கிளப்பவில்லை நான். "எனக்காகச் சொல்றியா? நான் படுத்துட்டேன்னு?"

"இல்ல. ரெண்டு வருஷமா வேணும். போறியான்னு அப்பவே டெர்வ்லா கேட்டா. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்டா?"

கண்ணாடியில் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா சாகறப்போ என்கிட்ட கேட்டாங்க. நோரீனைத் தனியா விட்டுடாத, அவ கல்யாணம் பண்ணிக்கல, அவளுக்கு யாரும் இல்லன்னு. சரின்னேன்."

அம்மா போய்ப் பதினாறு வருஷம்.

பதினாறு வருஷமா அவன் என்னைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்! நான் வேலையை விட்டது, கட்டிக்கறேன்னு வந்த டெர்மட்டை வேண்டாம்னது, எல்லாம் இவனுக்காக. இவன் இங்க கிடந்தது எனக்காக. அம்மா, நல்லா செஞ்சீங்க. ரெண்டு பேர் கையையும் பிடிச்சு ரெண்டு சத்தியம், ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்கிட்ட. நீங்க நிம்மதியா போயிட்டீங்க.

கல்லறையிலிருந்து வீடு வரை திட்டிக்கொண்டே ஓட்டினேன். அவன், "அவங்களுக்கு உடம்பு சரியில்லாம இருந்தது" என்றான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

ஒரு சந்தேகம். என்னை விடுவிக்கத்தான் அந்தக் கதையைச் சொன்னானோ? கேட்டுவிட்டேன். முட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அங்க டிவில ஸ்னூக்கர் ஆட்டம் முழுசா பாக்கலாம். நீ பாதில சேனல் மாத்திடுவ. அப்புறம் எல்லாத்தையும் நீயே செஞ்சுடற. எனக்கு உருளைக்கிழங்கு மட்டும்தான் மிச்சம்."

இதைவிட உண்மையான பதிலை அவனால் கட்டிச் சொல்ல முடியாது. உண்மைதான். அவன் செய்ய நேரமாகும் என்று நானே செய்துவிடுவேன். கூரையைத் தவிர.

டிசம்பர் 6, சனி

கார்மல் வந்தாள். "அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்னாச்சு? வெளியாள் கையில விடறதா?" என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணு பண்ணு. நாளைக்கு நீ பாத்துக்கோ, நான் ஊனா வீட்ல படுத்துக்கறேன். திங்கக்கிழமை பேசுவோம்."

டிசம்பர் 8, திங்கள்

பேசவில்லை. கார்மல் காரில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்தாள், விடவே இல்லை. "எனக்குத் தெரியாதுடி" என்றாள். தெரியாது என்பது பொய்யில்லை. நான்தான் பதினாறு வருஷமாக எல்லா ஞாயிறும் போனில் நல்லா இருக்கோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 25

மாத்திரை வேலை செய்கிறதா? தெரியவில்லை. காலையில் பத்து நிமிஷம் நன்றாக இருந்தது.

ஜனவரி 12, 2015, திங்கள்

மாலக்கி டாமி இருக்கும் வீட்டுக்குப் போனான். ஒரு பெட்டி, ஒரு பை, அவன் நாற்காலி. டெர்வ்லாவும் பேக்கியும் தூக்கினார்கள். அறை சின்னது, ஜன்னலில் கார் நிறுத்துமிடம் தெரிகிறது. நான் படுக்கையை விரிக்கப் போனேன். "நோரீன்" என்றான். விட்டுவிட்டேன். அவன் விரித்தான், கோணலாக. சரி செய்யவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 14, புதன்

என்ன செய்வது? பத்து மணிக்கு எழுந்தேன். யாருக்காக எழுந்திருப்பது என்று கேட்டுக்கொண்டே பத்து மணி ஆகிவிட்டது. டாக்டர் இதையும் சொன்னார், அவன் போனால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள் என்று. நினைத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

நேற்று அங்கே ஏதோ தகராறாம். மாலக்கிக்குப் பயம் வந்து தோட்டத்தில் நின்றிருக்கிறான், இரண்டு மணி நேரம். எனக்கு போன் வந்தது, காலையில், எல்லாம் முடிந்தபின். ஏன் அப்போதே கூப்பிடவில்லை என்று கத்தினேன். அவன்தான் வேண்டாம் என்றானாம். டாமி கூடவே நின்றானாம், குடையோடு.

சாவியை எடுத்துவிட்டேன் புறப்பட. மறுபடி மாட்டிவிட்டேன். மூன்று தடவை எடுத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாலக்கி சாப்பிட வந்தான். பன்னிரண்டரை பஸ்ஸில், தானே. சட்டை இஸ்திரி போட்டிருந்தது, ஒரு கை மட்டும். கோழி வறுத்திருந்தேன். நிறையத் தின்றான். அந்த வீட்டில் ஒருவன் பூட்ஸோடு தூங்குகிறானாம், அதைப் பற்றிக் குறைசொன்னான். குறைசொல்ல அவனுக்கு ஆள் கிடைத்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சாப்பிட்டபின் இங்கேயே இருந்துவிடேன், ராத்திரி தங்கேன் என்று வாயில் வந்தது. சொல்லவில்லை. நாலரை பஸ்ஸுக்குக் கூட நடந்தேன், சாலை முனை வரை. காத்திருக்கும்போது கேட்டான்.

"நீ தனியா இருந்துடுவியா?"

"தெரியல. சில நாள் முடியுது, சில நாள் முடியல. நேத்து முடியல."

தலையசைத்தான். "முடியாத நாள் போன் பண்ணு. நான் வந்து ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பேசுவேன்."

"சரி."

பஸ் வந்தது. ஓட்டுநரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே ஏறினான், என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தேன், கோட்டைக் கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பசித்தது. முட்டை இரண்டு வறுத்து அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே தின்றேன். நன்றாக இருந்தது, இன்னும் ஒன்று வறுத்தேன்.